கைவிடப்பட்ட இயங்குதளத்துக்கு நிரல் எழுதப் பழகுதல்: பீஓஎஸ் முதல் ஹைக்கூ வரை

சென்ற செமஸ்டர் லீவுக்கு முன்னம் எங்கள் நாலு பேரின் கைக்கும் பொதுவாக ஒரு பழைய மடிகணினி வந்து சேர்ந்தது. ஒருத்தியின் அண்ணா பாவித்துக் கழித்துவிட்டது. 2 ஜிபி ரம். விண்டோஸ் ஏறி முடிவதற்குள் ஒரு பிளேன்ரீ ஊற்றிக் குடித்து கோப்பையையும் கழுவி வைத்துவிடலாம். லினக்ஸ் ஏதாவது போடுவோம் என்று தேடப்போன இடத்தில் ஹைக்கூ என்ற பெயரில் ஒரு இயங்குதளம் கண்ணில் பட்டது. கவிதையின் பெயரில் இயங்குதளமா என்று சிரித்துக்கொண்டே பென்டிரைவில் ஏற்றிப் பார்த்தோம். அதே மடிகணினி சட்டென்று எழும்பி நின்றது. ஒவ்வொரு விண்டோவின் தலையிலும் ஒரு மஞ்சள் துண்டு, வலது மூலையில் ஒரு சின்னப் பட்டியல். 90களின் படம் ஒன்றுக்குள் போய் நிற்கிற மாதிரி இருந்தது.

பிறகு அதற்கு நிரல் எழுதிப் பார்ப்போம் என்று இருந்தோம். நாங்கள் நாலு பேரும் கலைப்பீடம், வரலாறு. சி பிளஸ் பிளஸ் என்றால் என்னவென்றே தெரியாமல் தொடங்கினோம். இதைக் கேள்விப்பட்ட எங்களில் ஒருத்தியின் மச்சான், கொழும்பில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறவர், "உதைப் படிச்சு எங்க வேலை எடுக்கப் போறியள்? அதுக்கு ரியாக்ட் எண்டாலும் படியுங்கோவன்" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் இந்தக் கேள்வி எங்களுக்குப் புதியதும் இல்லை. கலைப்பீடத்துக்குள் கால் வைத்த நாளிலிருந்து கலியாண வீடு, செத்தவீடு என்று போகிற இடமெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பது. இந்த முறை பதில் சொல்லாமல், இந்த இயங்குதளத்துக்கு நிரல் எழுதப் பழகியவர்கள் யார், அவர்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்று தேடி வாசித்தோம். கிடைத்த கதை இதுதான்.

ஜான் லூயி காஸ்ஸே பிரான்ஸ்காரர். அப்பிள் நிறுவனத்தின் பிரான்ஸ் கிளையை நடத்திவிட்டு, பின் கலிபோர்னியாவில் மக்கின்டோஷ் உருவாக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். 1990இல் அப்பிளை விட்டு வெளியேறி 'பீ' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அன்று சந்தையில் இருந்த இயங்குதளங்கள் எல்லாம் பழைய வீட்டுக்கு மேல் தட்டுத்தட்டாகக் கட்டியவை என்பது அவர்களுடைய எண்ணம். விண்டோஸுக்குக் கீழே டொஸ் கிடந்தது. மக் இயங்குதளம் ஒரு நேரத்தில் ஒரு வேலை செய்கிற காலத்தில் பிறந்தது. அத்திவாரத்திலிருந்து புதிதாகக் கட்டினால் என்ன என்பதுதான் பீயின் கேள்வி.

முதலில் அவர்கள் இயந்திரத்தையும் தாங்களே செய்தார்கள். ஏடி அன்ட் டி நிறுவனத்தின் ஹொபிட் என்ற செயலியை நம்பித் தொடங்கினார்கள். அந்தச் செயலியின் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. பிறகு பவர்பிசிக்கு மாறி, 1995 ஒக்டோபரில் 'பீபொக்ஸ்' என்ற கணினியை வெளியில் விட்டார்கள். அதில் ஒன்றல்ல, இரண்டு செயலிகள். முன்பக்கத்தில் இரண்டு வரிசை விளக்குகள். எந்தச் செயலி எவ்வளவு உழைக்கிறது என்று அவை ஏறி இறங்கிக் காட்டும். விற்பனையானது 2000க்கும் குறைவு.

அந்த எண்ணிக்கையைப் பார்த்துத் தோல்வி என்று எழுதிவிடலாம். ஆனால் பீபொக்ஸ் வீட்டுக்காரருக்கென்று செய்த பொருள் அல்ல. நிரல் எழுதுகிறவர்களைக் குறிவைத்துத்தான் விற்றார்கள். பாவிக்க மென்பொருளே இல்லாத கணினியை யார் வாங்குவார்? ஆகவே முதலில் எழுதுகிறவர்களைச் சேர்ப்போம், அவர்கள் மென்பொருள் எழுதட்டும், பாவிக்கிறவர்கள் பின்னால் வரட்டும் என்பது கணக்கு. இதனால் பீ நிறுவனம் ஒரு பக்கம் இயங்குதளம் செய்தது, மற்றப் பக்கம் பள்ளிக்கூடம் நடத்தியது. 'பீ புக்' என்று பெயர்பெற்ற பெரிய கைந்நூலை எழுதி எல்லோருக்கும் திறந்து வைத்தது. ஓரைலி பதிப்பகம் அதைப் புத்தகமாகவும் அச்சிட்டது. கிழமைக்கு ஒரு தடவை மின்னஞ்சலில் ஒரு செய்திமடல் போனது. அதில் பொறியியலாளர்களே தங்கள் கையால் எழுதினார்கள், மாதிரி நிரல்களோடு. எங்களுக்குப் பிடித்தது இந்தச் செய்திமடல்கள்தான். ஒருவர் ஒரு கிழமை எழுதிய பிழையை அடுத்த கிழமை இன்னொருவர் திருத்துகிறார். பகிடி விடுகிறார்கள். ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தை வாசிக்கிறோம் என்ற உணர்வே வராது.

அவர்கள் கற்றுக்கொடுத்த விஷயம் லேசானதும் இல்லை.

அந்தக் காலத்தில் சாதாரண நிரல் ஒன்று எப்படி ஓடும் என்றால், ஒரே ஆள் நிற்கிற தேத்தண்ணிக்கடை மாதிரி. அவரே ஓடர் எடுப்பார், அவரே ஆத்துவார், அவரே காசும் வாங்குவார். ஒருவர் பத்துப் பேருக்கு ரீ கேட்டால் மற்ற எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். கணினியில் இதைத்தான் விண்டோ 'உறைஞ்சு போச்சு' என்கிறோம். பீஓஎஸ்ஸில் ஒவ்வொரு விண்டோவுக்கும் தனித்தனி ஆள். அதாவது தனித் திரெட். நிரலுக்கென்று ஒரு திரெட், அது திறக்கிற ஒவ்வொரு விண்டோவுக்கும் இன்னொன்று. வெறும் விண்டோ ஒன்றைத் திறந்து காட்டுகிற முதல் பயிற்சியிலேயே இரண்டு திரெட் ஓடத் தொடங்கிவிடும். மற்ற இடங்களில் மூன்றாம் வருடத்தில் படிப்பிக்கிற விஷயம் இங்கே முதல் நாளே வாசலில் நிற்கும்.

எங்களுக்கு இது விளங்கியது ஒரு மடத்தனத்தால். முதல் நிரலை எழுதி ஓடவிட்டோம். வெள்ளை விண்டோ வந்தது. கைதட்டினோம். மூடினோம். விண்டோ போய்விட்டது, ஆனால் வலது மூலைப் பட்டியலில் எங்கள் நிரலின் பெயர் அப்படியே கிடந்தது. திரும்பத் திரும்பச் செய்தோம். ஐந்து பெயர் வரிசையாகக் கிடந்தது, ஒன்றுக்கும் விண்டோ இல்லை. பீ புக்கைத் திரும்ப வாசித்தபோதுதான் விளங்கியது: விண்டோ வேறு, நிரல் வேறு. விண்டோ சாகிறபோது "நான் போறன், நீயும் வா" என்று நிரலுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் போகவேண்டும். அந்தச் செய்தியை நாங்கள் எழுதவில்லை. பீஓஎஸ்ஸில் எல்லாமே இந்த மாதிரிச் செய்திகள்தான். பொத்தானை அழுத்தினால் செய்தி, கோப்பை இழுத்துப் போட்டால் செய்தி. ஒரு நிரல் இன்னொரு நிரலுக்கும் அனுப்பலாம். 'ஹேய்' என்று ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது; டேர்மினலில் "ஹேய்" என்று கூப்பிட்டு, ஓடிக்கொண்டிருக்கிற நிரல் ஒன்றின் பெயரைச் சொல்லி, உன் விண்டோவின் தலைப்பை மாற்று என்றால் மாற்றும். இரண்டு நாள் இதை வைத்தே விளையாடினோம்.

ஆட்கள் கூடினால் சண்டையும் கூடும். இரண்டு திரெட் ஒரே பொருளில் ஒரே நேரம் கை வைத்தால் குழப்பம். அதனால் தொடுவதற்கு முதல் பூட்டவேண்டும், தொட்டபின் திறக்கவேண்டும். பூட்ட மறந்தால் நிரல் நின்றுபோய், 'லூப்பர் பூட்டப்பட்டிருக்க வேண்டும்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். எங்களுக்கு இப்போது மனப்பாடமாகிவிட்ட வரி. இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பூட்டைத் திறக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றால் இரண்டும் செத்த மாதிரி. செய்திமடல்களில் பொறியியலாளர்கள் திரும்பத் திரும்ப எழுதியதும் இதைப் பற்றித்தான். நல்ல வடிவமைப்புத்தான், ஆனால் அதன் பாரத்தில் ஒரு பங்கைக் கற்கிறவரின் தோளில் ஏற்றிவிட்ட வடிவமைப்பு என்று எங்களுக்குப் படுகிறது. வேறு இயங்குதளத்தில் எழுதிய மென்பொருளை இங்கே கொண்டுவருவது கடினமாக இருந்ததற்கும் இது ஒரு காரணம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் போக ஏலாது. பீஓஎஸ்ஸின் கோப்பு முறைமையை டொமினிக் ஜம்பாவ்லோ, சிரில் மெரியோன் என்ற இரண்டு பேர் 1996-97இல் புதிதாக எழுதினார்கள். அதில் ஒரு கோப்போடு எத்தனை குறிப்புகளையும் ஒட்டி வைக்கலாம், அந்தக் குறிப்புகளை வைத்துத் தேடலாம். ஒரு ஆளின் முகவரியை வைக்கிற கோப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இராது, பூச்சியம் பைட். பெயர், தொலைபேசி இலக்கம் எல்லாம் வெளியில் ஒட்டிய குறிப்புகளாகவே இருக்கும். ஒவ்வொரு மின்னஞ்சலும் ஒரு கோப்பு. அனுப்பியவர், தலைப்பு எல்லாம் ஒட்டுக்குறிப்பு. தனியான தரவுத்தளம் தேவையில்லை. நூலக அட்டைப் பெட்டியைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். நாங்கள் எழுதிய உருப்படியான முதல் நிரலும் இதை வைத்துத்தான்: வாசித்த கட்டுரைகளுக்கு ஆசிரியர், வருடம், எந்த அலுமாரியில் எடுத்தது என்று ஒட்டி வைக்கிற சின்ன நிரல். பெரிய விஷயமில்லை. ஆனால் இப்போதும் பாவிக்கிறோம்.

இனி சந்தைக் கதை. இது பலருக்கும் ஓரளவு தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறோம். 1996இல் அப்பிள் தன்னுடைய அடுத்த இயங்குதளத்தைத் தானே செய்து முடிக்க முடியாமல் கைவிட்டது. வெளியில் வாங்க யோசித்தபோது பீஓஎஸ்தான் முதலில் பேச்சில் இருந்தது. விலையில் ஒத்துவரவில்லை. அந்த வருடக் கடைசியில் அப்பிள் 400 மில்லியன் டொலருக்கு மேல் கொடுத்து ஸ்டீவ் ஜொப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்கியது. அடுத்த மாதமே பீபொக்ஸ் நிறுத்தப்பட்டது. பிறகு வந்த ஜி3 மக்குகளின் உள்விபரங்கள் பீக்குக் கிடைக்கவில்லை. 1998இல் இன்டெல் கணினிகளுக்கு மாறினார்கள். அங்கே மைக்ரோசொஃப்ட் இருந்தது. ஜப்பானில் ஹிட்டாச்சி ஒரு வகைக் கணினியில் விண்டோஸோடு பீஓஎஸ்ஸையும் போட்டு விற்றது, ஆனால் கணினி எழும்புகிறபோது பீஓஎஸ்ஸைத் தெரிவுசெய்கிற வழி மறைக்கப்பட்டிருந்தது. வாங்கியவர் தன் கணினிக்குள் இன்னொரு இயங்குதளம் கிடக்கிறது என்பதையே அறியமாட்டார். மைக்ரோசொஃப்ட் கணினி உற்பத்தியாளரோடு செய்த ஒப்பந்தங்கள்தான் காரணம் என்று பீ 2002இல் வழக்குப் போட்டது. 2003இல் மைக்ரோசொஃப்ட் பிழையை ஒப்புக்கொள்ளாமலே 23.25 மில்லியன் டொலர் கொடுத்து முடித்துக்கொண்டது. ஆனால் அந்த நேரம் பீ என்ற நிறுவனத்திடம் விற்க ஒரு இயங்குதளமே இருக்கவில்லை.

2000இல் ஐந்தாவது பதிப்பை இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். விண்டோஸுக்குள் ஒரு கோப்பாக இறக்கி அங்கிருந்தே ஓடவிடலாம். அதே வருடம் மேசைக்கணினியை விட்டு, இணையத்துக்கு மட்டுமான சிறு கருவிகள் பக்கம் திரும்பினார்கள். அதை வைத்து சொனி செய்த கருவி ஒன்று 2001இல் சந்தைக்கு வந்து சில மாதத்துக்குள்ளேயே மீளப்பெறப்பட்டது. 2001 ஓகஸ்டில், கையடக்கக் கருவிகள் செய்த பால்ம் நிறுவனம் பீயின் சொத்துகளை 11 மில்லியன் டொலர் பெறுமதியான பங்குகளுக்கு வாங்குவதாக அறிவித்தது. மூலநிரல் பால்மிடம் போனது. பால்ம் அதை வெளியிடவும் இல்லை, மேசைக்கணினிக்காக வளர்க்கவும் இல்லை.

பொதுவான தொழில்நுட்ப வரலாறுகள் இங்கே முடிந்துவிடும். நல்ல பொருள், கெட்ட காலம், பெரிய மீன், சின்ன மீன் என்று நாலு வரி எழுதிவிட்டு அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடுவார்கள். நாங்கள் யோசித்தது அந்த ஆறு வருடமும் பீ புக்கை வரி வரியாகப் படித்து, செய்திமடலைக் காத்திருந்து வாசித்து, திரெட்டோடு மல்லுக்கட்டிப் பழகியவர்களைப் பற்றி. 2001 ஓகஸ்டில் அவர்கள் கையில் இருந்தது என்ன? உரிமையாளரே கைவிட்ட ஒரு இயங்குதளத்துக்கு நிரல் எழுதத் தெரியும் என்பது மட்டும்தான். வேலை விண்ணப்பத்தில் போட ஏலாத தகுதி.

அதே ஓகஸ்ட் மாதத்தில் அவர்களில் சிலர் 'ஓபின் பீஓஎஸ்' என்ற பெயரில் ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். பீயின் மூலநிரல் ஒரு வரியும் கையில் இல்லை. ஆனால் பீ புக் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு பகுதியும் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் என்ன பதில் வரும் என்பதெல்லாம் அதில் எழுதியிருந்தது. அந்த நடத்தையை அப்படியே தருகிற மாதிரி உள்ளே தாங்களே புதிதாக எழுதுவது என்று முடிவெடுத்தார்கள். பீ புக் இயங்குதளத்தைக் 'கிட்' என்ற பெயரில் பகுதி பகுதியாகப் பிரித்து விளக்கியிருந்தது; இவர்களும் அதே பிரிவுகளின்படி ஆட்களைப் பிரித்துக்கொண்டார்கள். பாடப்புத்தகத்தின் பொருளடக்கமே வேலைப் பங்கீடாகிப் போனது. கேர்னலுக்கு முன்னாள் பீ பொறியியலாளர் ஒருவர் தனியாக எழுதித் திறந்துவைத்திருந்த நியூஓஎஸ் கைகொடுத்தது. கோப்பு முறைமைக்கு, ஜம்பாவ்லோ அதை எப்படிக் கட்டினோம் என்று 1998இலேயே முழுப்புத்தகம் எழுதியிருந்தார்.

எங்கள் பார்வையில் இந்தக் கதையின் மையம் இதுதான். நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொண்ட மூலநிரல் யாருக்கும் உதவாமல் கிடந்தது. அது கற்றுக்கொடுக்கவென்று வெளியில் விட்ட பக்கங்களிலிருந்துதான் இயங்குதளமே திரும்பி வந்தது. படிப்பித்தது விற்பனைக்காகத்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் படித்தவர்களிடமிருந்து அதைத் திருப்பி வாங்கி பால்முக்கு விற்க முடியவில்லை. பால்மின் உரிமைகள் பின்னர் ஜப்பானின் அக்ஸஸ் நிறுவனத்திடம் போனபோது, அவர்கள் பீ புக்கையும் செய்திமடல்களையும் எல்லோரும் பகிரக்கூடிய உரிமத்தில் வைக்கச் சம்மதித்தார்கள். நாங்கள் 1990களின் செய்திமடலை இன்று வாசிக்க முடிவது அதனால்.

வேறு வழியை முயன்றவர்களும் இருந்தார்கள். ஜேர்மனியில் ஒரு நிறுவனம் பீயின் பழைய நிரலை வைத்தே 'சேட்டா' என்ற பெயரில் விற்றது. அது சட்டப்படி செல்லாது என்று அக்ஸஸ் 2007இல் சொன்னதோடு அந்தக் கதை முடிந்தது. மெதுவான வழியில் போனவர்கள்தான் மிஞ்சினார்கள்.

எவ்வளவு மெதுவென்றால், 2004இல் பெயர் மாற்றினார்கள், 'பீஓஎஸ்' என்ற வணிகப்பெயர் பால்மிடம் இருந்ததால். பீஓஎஸ்ஸின் உலாவியில் பக்கம் கிடைக்காவிட்டால் பிழைச்செய்தி ஹைக்கூ கவிதையாக வரும். அந்த நினைவில்தான் ஹைக்கூ என்ற பெயர். 2008இல்தான் ஹைக்கூவுக்குள் இருந்தபடியே ஹைக்கூவைக் கட்டியெழுப்ப முடிந்தது. அதுவரை வேறு இயங்குதளத்தில் கட்டிக் கொண்டுவந்து ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். முதல் அல்ஃபா 2009 செப்டெம்பரில். முதல் பீட்டா 2018 செப்டெம்பரில். ஐந்தாவது பீட்டா 2024இல். எங்களில் யாருமே பிறக்காத காலத்தில் தொடங்கிய வேலையின் 'முதலாவது பதிப்பு' அப்போதும் வந்து சேரவில்லை.

இந்தத் தாமதத்துக்கு ஆளில்லாதது ஒரு காரணம். இன்னொன்று அவர்கள் வைத்துக்கொண்ட சத்தியம்: 2000இல் எழுதிய பீஓஎஸ் மென்பொருள், மாற்றமில்லாமல், ஹைக்கூவில் ஓடவேண்டும். கேட்க நல்லாயிருக்கிறது. ஆனால் அந்த மென்பொருட்கள் 1999இல் வந்த ஜிசிசி 2.95 என்ற கம்பைலரால் செய்யப்பட்டவை. அதற்கடுத்த தலைமுறைக் கம்பைலர்கள் சி பிளஸ் பிளஸ் நிரலின் உட்பெயர்களை எழுதுகிற முறையையே மாற்றிவிட்டன. பழைய நிரலும் புதிய நூலகமும் ஒன்றையொன்று அடையாளம் காணாது. ஆகவே 32-பிட் ஹைக்கூ இன்றுவரை அந்தப் பழைய கம்பைலரையும் புதியதையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு திரிகிறது. செத்த நிறுவனம் ஒன்றின் வாக்கை, அதற்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் இருபது வருடத்துக்கு மேலாகக் காப்பாற்றுகிறார்கள். எங்களுக்குள் இதில் ஒருமித்த கருத்து இல்லை. ஒருவர் இதை வீண் பிடிவாதம் என்கிறார், பழைய மென்பொருளை இப்போது யார் தேடுகிறார்கள் என்று. மற்றவர்களுக்கு, இலக்கு அப்படித் திட்டமாக இல்லாவிட்டால் ஆளுக்கொரு திசையில் இழுத்து எப்போதோ உடைந்திருக்கும் என்று தோன்றுகிறது. பீ புக்கில் என்ன இருக்கிறதோ அதுதான் தீர்ப்பு என்பது வாய்ச்சண்டைகளைப் பாதியாகக் குறைத்திருக்கும்.

64-பிட் பதிப்பு அந்தப் பழைய பாரத்தை இறக்கி வைத்தது. அது தொடங்கியது 2012இல் கூகிளின் கோடைகாலத் திட்டத்தில், ஒரு மாணவரின் வேலையாக. அந்தத் திட்டத்தில் ஹைக்கூ 2007இலிருந்து பங்குபற்றுகிறது. கூகிள் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கென நடத்திய போட்டியிலும் 2010இலிருந்து இருந்தது. வழிகாட்டிகளாக வந்தவர்களில் 90களில் பீ புக்கில் படித்தவர்களும் இருந்தார்கள். இடையில் ஒரு சின்னப் பெருமையும் ஒரு சின்னக் கவலையும்: அந்தக் கோடைத் திட்டத்துக்கு உலகிலேயே அதிக மாணவரை அனுப்பிய பல்கலைக்கழகமாகப் பல வருடம் நின்றது எங்கள் மொறட்டுவதான். அவர்கள் பெரும்பாலும் வேறு திட்டங்களுக்குப் போனவர்கள். ஆனால் பொறியியல் பீடத்துக்கு அன்றாட விஷயமாக இருந்த இப்படியொரு வழி திறந்திருக்கிறது என்பது எங்கள் பீடத்தில் யார் காதிலும் விழவே இல்லை. விண்ணப்பிக்க பீடம் ஒரு தடையே அல்ல என்று வாசித்தபோது நாலு பேரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

மச்சானின் கேள்விக்கு ஒரு வசதியான பதிலும் கிடைத்தது. பீயின் பொறியியலாளர்களில் சிலர் பால்ம் வழியாக கூகிளுக்குப் போய் அன்ட்ரொய்டைக் கட்டியவர்களில் இருந்தார்கள். அன்ட்ரொய்டில் நிரல்கள் தங்களுக்குள் கதைக்கப் பாவிக்கிற 'பைண்டர்' பீயில் முளைத்த யோசனை. அன்ட்ரொய்டுக்கு எழுதுகிறவர்கள் பாவிக்கிற லூப்பர், ஹான்ட்லர், மெசேஜ் என்ற பெயர்களை நாங்கள் ஹைக்கூவில்தான் முதலில் படித்தோம். ஜம்பாவ்லோ அப்பிளுக்குப் போனார். மக்கில் இப்போது எல்லாரும் தட்டித் தேடுகிற ஸ்பொட்லைட்டில் அவர் கை இருக்கிறது. இதையெல்லாம் மச்சானுக்கு அனுப்பினோம். "அப்ப சரி" என்று பதில் போட்டார். எங்களுக்கு உண்மையில் அந்த "அப்ப சரி" பிடிக்கவில்லை. அன்ட்ரொய்டுக்கு ஒருவரும் போகாமல் விட்டிருந்தால், 2001இலிருந்து மாலை நேரங்களில் இருந்து எழுதியவர்களின் வேலை சரியில்லை என்று ஆகியிருக்குமா?

அவர்கள் வேலைக்கு இன்று வருகிற நெருக்கடி வேறு மாதிரியானது. சில வருடங்களாக ஹைக்கூவில் லினக்ஸ் மென்பொருட்கள் நிறைய ஓடுகின்றன. 2018இலிருந்து லிப்ரே ஒஃபிஸ் இருக்கிறது. பாவிக்கிறவருக்கு மிக நல்லது, நாங்களும் எங்கள் ஒப்படையை அதில்தான் தட்டினோம். ஆனால் எல்லாம் வெளியிலிருந்து வந்துவிட்டால் பீ புக்கின்படி எழுதப் பழகவேண்டிய தேவை யாருக்கு? லிப்ரே ஒஃபிஸின் கோப்பில் ஒட்டுக்குறிப்பு இல்லை. 'ஹேய்' என்று கூப்பிட்டால் அது ஒழுங்காகப் பதிலும் சொல்லாது. வெளி மென்பொருள் கூடக்கூட ஹைக்கூ இன்னொரு லினக்ஸ் மாதிரி ஆகிவிடும் என்ற பயம் அவர்களுக்கு இருக்குமென்று நினைக்கிறோம். எங்களுக்கு வந்துவிட்டது, இரண்டே மாதத்தில்.

கடைசியாக எங்கள் நிரலைப் பற்றி. கட்டுரைக் குறிப்புப் பெட்டிக்குத் தமிழில் தலைப்புப் போட ஆசைப்பட்டோம். பீஓஎஸ் 90களிலேயே எல்லா எழுத்தையும் யூனிகோட்டில், யூடிஎஃப்-8 முறையில் வைத்தது, ஆகவே தமிழ் பிரச்சினை தராது என்று நம்பினோம். எழுத்துரு ஒன்றை இறக்கிப் போட்டு 'தேடு' என்று பொத்தானில் எழுதினோம். கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் நின்றது. 'கொ' எழுதினால் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கவேண்டிய துண்டுகள் ஒன்றாகவே பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தன. எழுத்துகள் சரியான ஒழுங்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன. திரையில் வரைகிறபோது இடம் மாற்றிப் போட வேண்டும் என்பது அதற்குத் தெரியவில்லை. அரபுக்கும் ஹிந்திக்கும் இதே கதிதான். பாமினியில் கொம்பை முதலில் தட்டிப் பழகிய அண்ணாமார் இதைக் கண்டால் சந்தோஷப்படுவார்கள், அவர்கள் தட்டுகிற ஒழுங்கில் தட்டினால் திரையில் சரியாகத் தெரியும். தேடினால் மட்டும் அகப்படாது.

விண்டோக்களை வரைகிற வேலையை ஹைக்கூவில் 'அப் சேர்வர்' என்ற பகுதி செய்கிறது. அதன் மூலநிரல் திறந்து கிடக்கிறது. போன கிழமை இறக்கி வைத்தோம். எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் வைக்கிற இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று பின்னேரம் போனது, கண்டுபிடித்தது அதுதானா என்று இன்னும் முழுதாக நிச்சயமில்லை. திங்கட்கிழமை பரீட்சை தொடங்குகிறது. அதுவரைக்கும் பொத்தானில் ஆங்கிலத்தில்தான் எழுதி வைத்திருக்கிறோம்.